சுமைகூலி

பழவூருக்குத் தெற்கே
நூற்றுப்பதினேழாம் காற்றாலையின் அடிவயிற்றில்
இரும்புக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஆனி மாதம். கணவாய்க் காற்று
கோபுரத்தைத் தோளில் பிடித்து உலுக்குகிறது.
மடியில் லேப்டாப், அதில் ஒரு கணக்கு.

பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை
மேலே மூன்று இறக்கைகளும் கேட்கும்:
எவ்வளவு திரும்ப?
பதில் சொல்லும் நிரலில் பெரும்பகுதி
சென்னையில் கம்பைல் ஆகி வந்தது.
இயந்திரத்தின் பேச்சே அதன் பேச்சு.
எண் என்றால் எண், இடம் என்றால் இடம்,
எதையும் இரண்டாம் முறை கேட்காது.
அதற்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்,
மாடியறையில் வாடகைக்கு இருப்பவர் மாதிரி.
ஓடும்போதுதான் தன் வரிகளைப் படிக்கும்.
வந்து நிற்கிற ஒவ்வொரு மதிப்பையும்
நீ எண்ணா, எழுத்தா, வெறுமையா என்று
முகம் பார்த்து விசாரிக்கும்.

பத்தில் ஏழு போய்விடுகிறது.
ஸ்கிரிப்டைத் தூக்கிவிடலாமென்று
காலையிலேயே மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.
எழுதிய பிறகுதான் அளந்தேன்.
வெட்கம்தான், ஆனால் நடந்த வரிசை அது.

கம்பைல் ஆன பகுதிக்கு அரை.
ஸ்கிரிப்ட் உட்கார்ந்து யோசிப்பதற்கு அரை.
மிச்சம் ஆறும் வாசலில்.

ஒரு சுற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு நடை.
காற்றின் வேகம் வேண்டுமா, ஒரு நடை.
திசை, இன்னொன்று.
கியர் எண்ணெயின் சூடு, அதற்கும்.
ஒவ்வொரு நடைக்கும்
எண்ணைப் பெட்டியில் போட்டு
பெட்டிக்குப் பெயர் எழுதி
பெயரைப் பேரேட்டில் தேடி
அந்தப் பக்கம் போய்ப் பெட்டியை உடைத்து.
களக்காட்டு வாழைத்தாரைக்
காய் காயாய்ப் பிய்த்து
காய்க்கொரு லோடு ஆட்டோ பிடித்து
வள்ளியூருக்கு அனுப்பியிருக்கிறோம்.
அனுப்பியது நான்தான்,
மூன்று வருடம் முன்பு, ஒரு அவசரத்தில்.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.

கதவு திறந்தது, முகத்தில் தேரிமணல்.
பிரம்மசக்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
"ஸ்கிரிப்டத் தூக்கப் போறியளாமே?
போன ஆடியில ராத்திரி ரெண்டு மணிக்கு
மேக்க இருந்து சுழட்டி அடிச்சுது.
நாப்பத்தோரு மிஷினுக்கும் நிறுத்துத வேகத்த
இங்கன உக்காந்தே ரெண்டு வரியில மாத்துனேன்.
மெட்ராசுல கம்பைல் பண்ணி அனுப்புதோம்னு
நீங்க எந்திரிச்சு காப்பி குடிக்கதுக்குள்ள
எறக்க உடங்காட்டுல கெடந்திருக்கும்."

அந்த இரண்டு வரி இப்போதும் இருக்கிறது,
எழுத்துப்பிழையோடு,
ஓரத்தில் 'பி.ச.' என்று கையெழுத்தோடு.
நான் வாதாடவில்லை.

தாரை முழுசாக ஏற்றினேன்.
இரண்டு பக்கமும் கை எட்டும்படி ஒரே அலமாரி,
அதில் எல்லா எண்களும், பெட்டியில்லாமல்.
போக ஒரு நடை, வர ஒரு நடை.
பெயர்களை விடியற்காலையில்
மிஷின் கிளம்பும்போதே ஒருதரம் தேடி வைத்துக்கொள்ள.
ஆறு அரையாயிற்று.

ஸ்கிரிப்டுக்கு இன்னொரு குணமும் உண்டு.
இறைத்துப் போட்டதையெல்லாம் கூட்டிப் பெருக்க
நினைத்த நேரத்தில் வேலையை நிறுத்தும்.
அதுவரை இறக்கை
பழைய பதிலை வைத்துக்கொண்டு புதுக் காற்றில் நிற்கும்.
சுற்றுக்கு ஒரு கை குப்பை, அதற்கு மேல் தொடாதே
என்று கட்டிப் போட்டதில் கால் போயிற்று.

மொத்தம் ஒன்றே முக்கால்.
காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுவதாக
இரண்டு வரி அனுப்பினேன். பதில் இல்லை.

பிரம்மசக்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
தள்ளுங்க சார் என்று விசைப்பலகையை இழுத்து
புதிதாய் ஒரு வரி சேர்த்தாள்,
தென்மேற்கு மூலையில்
பக்கத்து மிஷினின் சுழல்காற்று பட்டால்
அரை டிகிரி முன்னாலேயே திரும்பச் சொல்லி.
மேலே ஏதோ முனகியது. பிறகு சத்தம் சீரானது.

"பாத்தியளா, ஒண்ணும் ஆகல."

ஆனது. நூறில் ஐந்து கூடியிருந்தது திரையில்.
சொல்லவில்லை.